உள்ளங்கையில் ஒரு சுமை

பொருள் சிறியதானால் அதன் பாரமும் சிறியதாகிவிடுமா? கேட்பதற்கு எளிய வினாதான். ஆயினும், மானிட அறிவு கணிப்பொறியைச் சுருக்கிச் சுருக்கி உள்ளங்கைக்குள் கொண்டுவந்த வரலாற்றை எண்ணிப் பார்க்கையில், விடை அத்துணை எளிதன்று என்பது நமக்குப் புலனாகிறது.

1996-ஆம் ஆண்டில் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் ‘லிப்ரெட்டோ’ என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்குச் சிறு நூல் என்று பொருள். மேசையை அடைத்துக்கொண்டிருந்த கருவியின் வேலையை, சுமார் 840 கிராம் எடையுள்ள அச்சிறு பெட்டி செய்தது. 2004-இல் அமெரிக்காவின் ஓக்யூஓ நிறுவனம், ஏறத்தாழ 400 கிராம் எடையில், 5 அங்குலத் திரையோடு ஒரு முழுக் கணிப்பொறியையே விற்பனைக்குக் கொணர்ந்தது. விலை சுமார் 1,900 டாலர். 2006-இல் சோனி நிறுவனத்தின் ‘வாயோ யு.எக்ஸ்.’ 4.5 அங்குலத் திரையோடு வந்தது. மற்றக் கணிப்பொறிகளைவிட இவை அதிகமாக எதையும் செய்துவிடவில்லை. சிறியதாக இருந்தமைக்கே அந்த விலை. உறுப்புகளை நெருக்கி அடுக்க வேண்டும். வெப்பம் வெளியேற வழி காண வேண்டும். அத்தனைக்கும் இடம் அளித்தபின் மின்கலத்திற்கு எஞ்சும் இடமோ கொஞ்சம்.

நாமும் அத்தகைய கருவி ஒன்றோடு சில ஆண்டுகள் வாழ்ந்ததுண்டு. எறும்பு ஊர்வது போன்ற எழுத்துகளைக் கண்களை இடுக்கிப் படித்தோம். இரு கட்டைவிரல்களால் தட்டித் தட்டி எழுதினோம். இரயில் நிலையத்தில் இருக்கையைத் தேடுமுன் மின்செருகியைத் தேடினோம். இவ்வளவு விலை கொடுத்துவிட்டோமே என்னும் எண்ணத்தால், பென்சிலால் ஒரு நிமிடத்தில் எழுதிவிடக்கூடிய மளிகைப் பட்டியலையும் அதில்தான் பதித்தோம். திருப்பலியில் முழந்தாளிடும்போதுகூட நம் கை தானாகவே சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. சுமையைக் குறைக்க வாங்கிய கருவி, கவலையைக் கூட்டிற்று.

ஒருநாள் நம் தம்பியின் மகன் அதைப் பார்க்கக் கேட்டான். கொடுத்தோம். ஆனால், அவன் கைகளுக்குக் கீழே நம் கையையும் நீட்டி வைத்துக்கொண்டோம். சற்று நேரம் பொறுத்தவன், “வேண்டாம் பெரியப்பா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்று திருப்பித் தந்துவிட்டான். அவன் விழுந்தால் தாங்குவதற்காக நீட்டிய கை அன்று அது. கருவி விழுந்தால் தாங்குவதற்காக நீட்டிய கை. சிறுவன் அதை உணர்ந்துகொண்டான். நாம் உணர்வதற்கு நெடுநாள் ஆயிற்று.

அறிவுக்குத் துணையாகும் பொருளை விரும்புவது பாவமா? அன்று. சிறையிலிருந்த தூய பவுல், தாம் துரோவாவில் விட்டு வந்த போர்வையோடு நூல்களையும், சிறப்பாகத் தோற்சுருள்களையும் எடுத்துவரும்படி திமொத்தேயுவுக்கு எழுதினார். நம் வினா வேறு. பொருள் நம் கையில் இருக்கிறதா, நாம் அதன் கையில் இருக்கிறோமா என்பதே அது.

இவ்வினாவை 13-ஆம் நூற்றாண்டிலேயே எதிர்கொண்டவர் அசிசி நகர்ப் பிரான்சிஸ். அச்சுக்கலை ஐரோப்பாவை எட்டாத அந்நாளில் நூல் என்பது ஒரு செல்வம். பாரிஸ் நகரில் மெல்லிய தோலில் நுண்ணிய எழுத்துகளால் எழுதப்பட்ட சிறு விவிலியங்கள், பயணம் செய்யும் துறவியருக்குத் துணையாயின. அக்காலத்தின் கையடக்கக் கருவிகள் அவையே எனலாம். இளந்துறவி ஒருவர் தமக்கெனத் திருப்பாடல் நூல் ஒன்று வைத்துக்கொள்ளப் பிரான்சிசிடம் இசைவு கேட்டாராம். இன்று இதைப் பெற்றால் நாளை கட்டளைச் செபநூலையும் விரும்புவாய். பின்னர்ப் பெரிய குருவைப்போல் நாற்காலியில் அமர்ந்து, அதைக் கொண்டுவா என்று உடன்பிறப்பை ஏவுவாய் என்னும் பொருள்பட அவர் மறுமொழி கூறியதாக அவருடைய தோழர்களின் நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. திருப்பாடல்களை அவர் பழிக்கவில்லை. ‘என்னுடையது’ என்னும் சொல் உடன்பிறப்பை ஏவலாளாக மாற்றிவிடுவதையே அவர் கண்டார்.

அதே பிரான்சிஸ் வேறொன்றும் செய்தார். இரு துறவியரின் ஏழைத் தாய் உதவி கேட்டு வந்தபோது இல்லத்தில் கொடுக்க ஏதுமில்லை. செபத்தில் வாசிக்க வைத்திருந்த புதிய ஏற்பாடு ஒன்றே இருந்தது. அதை விற்றுப் பசி தீர்த்துக்கொள்ளுமாறு அத்தாய்க்குக் கொடுத்துவிடச் சொன்னார். வாசிப்பதைவிட ஈவதே இறைவனுக்கு உகந்தது என்பது அவர் எண்ணம். நூலின் விலை அப்பொழுதுதான் அதன் பயனை அடைந்தது.

ஓக்யூஓ நிறுவனம் 2009-இல் மறைந்தது. சோனி தன் கணிப்பொறித் தொழிலை 2014-இல் பிறருக்கு விற்றுவிட்டது. நம் கருவியும் மேசை இழுப்பறைக்குள் உறங்குகிறது. ஆனால், அதைவிடச் சிறிய, அதைவிட ஆற்றல் மிக்க கைபேசி இன்று நம்மில் பெரும்பாலோர் சட்டைப்பையில் இருக்கிறது. அதை எறிந்துவிட வேண்டியதில்லை. அருகில் இருக்கும் ஒருவர் கேட்கும்போது, அதைக் கொடுத்துவிட்டு நம் கையை மடக்கிக்கொள்ள முடிகிறதா என்று சோதித்துப் பார்ப்போம். முடிந்தால், அது வெறும் கருவி. முடியாவிட்டால், அதன் எடையைக் கிராமில் அளந்தது தவறு.

தம்பி மகன் இப்போது வளர்ந்துவிட்டான். அன்று கேட்டதை அவன் மறந்திருப்பான். நாம்தாம் மறக்கவில்லை.