இரண்டு பேரீச்சம்பழங்களில் ஒன்று

2023 அக்டோபர் 17 அன்று இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ9-14900கே பிராசசர் விற்பனைக்கு வந்தது. 24 கோர்கள், 6 கிகாஹெர்ட்ஸ் உச்ச வேகம், 589 டாலர் விலை. அதற்கு ஆறு மாதம் முன்பே ஏ.எம்.டி.யின் ரைசன் 7 7800எக்ஸ்3டி வந்திருந்தது. அதில் எட்டே கோர்கள், வேகம் 5 கிகாஹெர்ட்ஸ், விலை 449 டாலர். எண்களை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் போட்டியே இல்லை. ஆனால் கேம்களை ஓட்டிப் பார்த்தவர்களின் அளவீடுகளில் இரண்டும் தோளோடு தோள் நின்றன. ஒரு கேமில் இது முந்தியது, அடுத்ததில் அது முந்தியது. பல கேம்களின் சராசரியை எடுத்தபோது மிஞ்சியது சில சதவீத வித்தியாசம்தான்.

பழைய கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கக் காசு சேர்த்து வைத்திருந்த பலர் அந்த அளவீடுகளை வாரக்கணக்கில் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தவிப்பைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. காரணங்கள் இரு பக்கமும் சமமாக நிற்கும்போது மனம் எதைப் பிடித்துக்கொண்டு முடிவெடுக்கிறது? தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இறைவனின் விருப்பத்தைப் பற்றியே இந்தக் கேள்வி எழுந்தது.

அது எழுந்த களம் பாக்தாத். அங்கே நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் ஆசிரியராக இருந்த அல்-கஸ்ஸாலி, இப்னு சினா போன்ற தத்துவவாதிகளை மறுத்து ‘தஹாஃபுத் அல்-ஃபலாசிஃபா’ என்ற நூலை 1095 வாக்கில் எழுதினார். தத்துவவாதிகளின் வாதம் கூர்மையானது. உலகம் ஏதோ ஒரு கணத்தில் படைக்கப்பட்டது என்றால், ஏன் அந்தக் கணம்? படைப்புக்கு முந்தைய எல்லாக் கணங்களும் ஒன்றுபோலவே இருந்திருக்கும். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்ட எதுவும் இல்லாதபோது இறைவன் எதை வைத்துத் தேர்ந்தெடுத்தான்? தேர்ந்தெடுக்க வழியில்லை, ஆகவே உலகத்துக்குத் தொடக்கமே இல்லை என்று அவர்கள் முடித்தார்கள்.

கஸ்ஸாலி இதற்குப் பதிலாக இரண்டு பேரீச்சம்பழங்களை எடுத்துக்கொண்டார். பசித்த ஒருவன் முன்னால் நிறத்திலும் அளவிலும் எட்டும் தூரத்திலும் துளி வேறுபாடு இல்லாத இரண்டு பழங்கள் இருக்கின்றன. ஒன்றை மட்டுமே எடுக்கலாம். காரணம் கிடைக்கவில்லை என்று அவன் பட்டினி கிடப்பானா? கிடக்கமாட்டான், ஒன்றை எடுத்துத் தின்பான். ஒத்த இரண்டில் ஒன்றைப் பிரித்தெடுப்பதுதான் விருப்பம் என்ற ஆற்றலின் இயல்பு, அதற்கு வெளியிலிருந்து ஒரு காரணம் வந்து தள்ள வேண்டியதில்லை என்பது அவர் வாதம். மனிதனுக்கே இது முடியும் என்றால் இறைவனுக்கு ஏன் முடியாது?

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, ஸ்பெயினின் கொர்டோபாவைச் சேர்ந்த இப்னு ருஷ்து இதற்கு ஒரு மறுப்பு எழுதினார். இந்தக் கேள்வியைத் தொட்டவர்களில் மிகத் தெளிவாகப் பேசியவர் அவர்தான். பசித்தவன் இரண்டு பழங்களுக்கு இடையே எதையும் தேர்ந்தெடுக்கவே இல்லை என்கிறார். தின்பதா, தின்னாமல் விடுவதா என்பதே அவன் முன் இருந்த தேர்வு. அதில் தின்பதற்குக் காரணம் இருந்தது, அதைச் செய்தான். கை எந்தப் பழத்தில் பட்டாலும் அவன் நாடியது நிறைவேறிவிடுகிறது.

ஐரோப்பாவில் இதே கதை, இரண்டு வைக்கோல் குவியல்களுக்கு நடுவே நின்று பட்டினியால் செத்த கழுதையாக மாறி, 14ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் பேராசிரியர் ழான் புரிடான் பெயரில் ஒட்டிக்கொண்டது. அவருடைய எழுத்துகள் எதிலும் அந்தக் கழுதை இல்லை. ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் 1710இல் வெளியான தம் ‘தியோடிசி’ நூலில் கழுதையை ஏற்கவே மறுத்தார். கழுதையை நடுவில் வெட்டினாலும் உள்ளுறுப்புகள் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது, சுற்றியுள்ள உலகமும் இருக்காது, ஆகவே முழுச் சமநிலை என்பது நடக்கவே நடக்காது என்றார். நாம் உணராத நுண்ணிய சாய்வுகள் நம்மை எப்போதும் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன என்பது அவர் கருத்து.

பிராசசர் விஷயத்தில் லைப்னிட்ஸ் சொன்னதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அந்தச் சில சதவீதம் எங்கே அளக்கப்பட்டது? சோதனை செய்கிறவர்கள் ஆர்.டி.எக்ஸ் 4090 போன்ற அன்றைய மிக விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டைப் பூட்டி, திரையை வேண்டுமென்றே 1080பி அளவுக்குக் குறைத்து வைப்பார்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு வேலை குறைந்தால்தான் பிராசசரின் திறன் வெளியே தெரியும். முறை சரியானதுதான். ஆனால் 4கே திரையும் நடுத்தர கார்டும் வைத்திருப்பவர் வீட்டில் இந்த வரிசை அப்படியே கரைந்துபோகும். அங்கே படத்தை வரைவதில் கார்டே திணறிக்கொண்டிருக்கும், எந்தப் பிராசசராக இருந்தாலும் காத்துக்கொண்டு நிற்கும். அவருக்கு இரண்டும் உண்மையிலேயே பேரீச்சம்பழங்கள்.

வேறு சிலருக்குச் சமம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 7800எக்ஸ்3டி குறைந்த வேகத்தில் ஓடியும் ஈடுகொடுத்ததற்குக் காரணம் அதன் கேஷ் நினைவகம். கோர்கள் உள்ள சில்லின் மேல் 64 மெகாபைட் கேஷைத் தனி அடுக்காக ஒட்டி, எல்3 கேஷை மொத்தம் 96 மெகாபைட் ஆக்கியிருந்தது ஏ.எம்.டி. 14900கே-யில் அது 36 மெகாபைட். கேம் என்பது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆயிரக்கணக்கான பொருள்களின் நிலையை ஒழுங்கில்லாத வரிசையில் தேடிப் பார்க்கும் வேலை. நொடிக்கு 144 ஃப்ரேம் வேண்டும் என்றால் ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் ஏழு மில்லிநொடிக்கும் குறைவு. தேடிய தகவல் கேஷில் இல்லாமல் ரேம் வரை போய்வந்தால் பல மடங்கு தாமதம். ‘மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்’, ‘ஃபேக்டோரியோ’ போன்றவற்றை ஆடுகிறவருக்கு அந்தக் கூடுதல் அடுக்கு வெளிப்படையான லாபம். பகலில் வீடியோ எடிட்டிங் செய்து இரவில் ஆடுகிறவருக்கோ 24 கோர்கள்தான் லாபம். மின்சாரமும் இருக்கிறது. இன்டெல் சில்லின் உச்ச வரம்பு 253 வாட், ஏ.எம்.டி.யுடையதற்குக் குறித்த அளவு 120 வாட், கேம் ஆடும்போது பெரும்பாலும் அதற்கும் கீழே. ஏ.சி. இல்லாத அறையில் ஆடுகிறவர் இந்த எண்ணை வேகத்துக்கு முன்னால் பார்க்க வேண்டும்.

2017இல் வாங்கிய, ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் மதர்போர்டு வைத்திருந்தவரின் நிலை இன்னும் தெளிவு. பயாஸைப் புதுப்பித்தால், 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி அதே பழைய போர்டுகள் பலவற்றில் உட்கார்ந்தது. புதிய போர்டும் வேண்டாம், புதிய ரேமும் வேண்டாம்.

இவ்வளவும் அன்றே கண்ணுக்குத் தெரிந்த காரணங்கள். தெரியாத ஒன்று பின்னால் வந்தது. 13, 14ஆம் தலைமுறை இன்டெல் சில்லுகள் சில, மாதக்கணக்கில் ஓடிய பிறகு கேமின் நடுவே நின்றுபோகத் தொடங்கின. தேவைக்கு மேற்பட்ட வோல்டேஜ் ஒரு காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. கோரில் கடிகாரத் துடிப்பைக் கொண்டுசெல்லும் சுற்று, அதிக வோல்டேஜிலும் சூட்டிலும் முன்கூட்டியே மூப்படைகிறது என்று செப்டம்பரில் விளக்கியது. மைக்ரோகோடு திருத்தங்கள் வந்தன, உத்தரவாதக் காலம் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே சேதமான சில்லைத் திருத்தத்தால் மீட்க முடியாது. ஏ.எம்.டி. பக்கமும் பிழை இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரலில், 7800எக்ஸ்3டி வந்த மாதமே, சில மதர்போர்டுகளில் ரைசன் 7000 வரிசைச் சில்லுகள் கருகின. சில்லின் ஒரு பகுதிக்குப் போகும் வோல்டேஜை 1.3க்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்திய பிறகே அது அடங்கியது.

அப்படியென்றால் 2023 அக்டோபரில் எல்லாவற்றையும் அலசிவிட்டு 14900கே வாங்கியவர் தவறாகச் சிந்தித்தாரா? இல்லை. ஒரு வருடம் கழித்து வெளிப்படும் மூப்பை எந்தச் சோதனையும் முதல் வாரத்தில் அளக்காது. லைப்னிட்ஸ் சொன்னபடி காரணம் எங்கோ இருந்தது, மனிதக் கைக்கு எட்டவில்லை. எட்டாத காரணத்துக்காகக் காத்திருப்பதை விவேகம் என்று சொல்லவும் முடியாது. காத்திருந்தவருக்கு 2024 அக்டோபரில் இன்டெலின் டெஸ்க்டாப் கோர் அல்ட்ரா 200 வரிசை வந்தது. பல கேம்களில் தனக்கு முந்தைய 14900கே-யையே அது எட்டவில்லை. நவம்பரில் ரைசன் 7 9800எக்ஸ்3டி வந்து கேம்களில் எல்லாவற்றையும் முந்தியது. அதற்கும் காத்திருக்கலாம், அடுத்ததற்கும் காத்திருக்கலாம். அப்படிக் காத்திருப்பவர் இப்னு ருஷ்து சொன்ன தேர்வில், தின்னாமல் விடுவது என்பதைத் தமக்கே தெரியாமல் எடுத்துவிடுகிறார்.

சமநிலையின் சங்கடம் தாங்காதவர்கள் பிடித்துக்கொள்ளும் ஒரு பொய்க் காரணம் இருக்கிறது: கட்சி சேர்வது. “நாங்கள் இன்டெல்”, “நாங்கள் ஏ.எம்.டி.” என்று சொல்லிவிட்டால் எடை போடும் வேலை முடிந்துவிடுகிறது. மத அடையாளத்தின் சூடு முழுவதும் அதில் ஏறிவிடுவதையும் பார்க்கலாம். எதிர்த்தரப்பின் தோல்வி தன் வெற்றியாகத் தெரியும்.

அந்த இரு கட்சிகளின் வரலாறு இந்தப் பிரிவினைக்கு இடமே தரவில்லை. 1968இல் இன்டெலைத் தொடங்கிய ராபர்ட் நாய்ஸும் கோர்டன் மூரும், 1969இல் ஏ.எம்.டி.யைத் தொடங்கிய ஜெர்ரி சாண்டர்ஸும் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் என்ற ஒரே நிறுவனத்திலிருந்து வெளியேறியவர்கள். ஐ.பி.எம். தன் பெர்சனல் கம்ப்யூட்டருக்கு இன்டெல் சில்லைத் தேர்ந்தெடுத்தபோது, அதைத் தயாரிக்க இரண்டாவதாக ஒரு நிறுவனமும் வேண்டும் என்றது. அதனால் 1982இல் ஏ.எம்.டி.க்கு உரிமம் கிடைத்தது. பின்னால் நீதிமன்றங்களில் நெடுங்காலம் மோதினார்கள். 2009இல் இன்டெல் 125 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. இத்தனைக்கும் நடுவே, ஏ.எம்.டி. வகுத்து 2003இல் தன் சில்லுகளில் கொண்டுவந்த 64 பிட் கட்டளைத் தொகுப்பை இன்டெலும் ஏற்றுக்கொண்டது. இன்று இன்டெல் சில்லு பேசும் மொழியில் ஏ.எம்.டி. எழுதிய இலக்கணம் இருக்கிறது, ஏ.எம்.டி. சில்லில் இன்டெலின் எக்ஸ்86 இருக்கிறது. தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலை ரைசன் கோர்களைச் செய்கிறது. கோர் அல்ட்ரா 200 வரிசையின் கோர்களைச் செய்ததும் அதே ஆலைதான். இதைத் தெரிந்துகொண்ட ஒருவர் இரண்டில் ஒன்றுக்குத் தன் விசுவாசத்தைக் கொடுக்க எந்த நியாயமும் இல்லை.

தேர்ந்தெடுக்கப்படும் அந்தச் சில்லுக்குள்ளேயே பேரீச்சம்பழச் சிக்கல் இருக்கிறது என்பது இந்த விவாதத்தில் மிகவும் வியப்பூட்டும் பகுதி. கோர் ஒரு வேகத்தில் துடிக்கிறது, ரேம் வேறு வேகத்தில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சமிக்ஞை போகும்போது, அது கடிகாரத் துடிப்புக்கு முன் வந்ததா பின் வந்ததா என்று ஒரு சிறு சுற்று தீர்மானிக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே கணத்தில் வந்துவிட்டால் அந்தச் சுற்று 0 என்றும் சொல்லாமல் 1 என்றும் சொல்லாமல், மலை உச்சியில் நிறுத்திய பந்துபோல இடையில் நின்றுவிடும். செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேனி, மோல்னர் இருவரும் 1973இல் இதை அளந்து வெளியிட்டார்கள். டூரிங் விருது பெற்ற லெஸ்லி லாம்போர்ட் 1984இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் புரிடானின் பெயரையே வைத்தார். இடைவெளியில்லாமல் மாறும் ஓர் அளவைப் பார்த்து ‘இது, அல்லது அது’ என்று சொல்ல வேண்டிய எதுவும், குறித்த நேரத்துக்குள் கட்டாயம் முடிவெடுத்துவிடும் என்று உறுதிதர முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். மனிதர், சில்லு இரண்டுக்கும் இது பொருந்தும் என்றார்.

சில்லு என்ன செய்கிறது? இன்னும் ஓரிரு துடிப்புகள் பொறுத்திருக்கிறது. அதற்குள் கிட்டத்தட்ட எப்போதுமே, வெப்பத்தால் எலக்ட்ரான்களில் எழும் சிறு சலசலப்பே அதை ஏதோ ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது. லைப்னிட்ஸின் உணரப்படாத சாய்வு இங்கே சிலிக்கானில் நிகழ்கிறது. எந்தப் பக்கம் விழுந்தாலும் வேலை சரியாக நடக்கும்படி சுற்றை முன்கூட்டியே வடிவமைத்திருப்பார்கள். முடிவு எது என்பதைவிட முடிவு வந்துவிட்டது என்பதே அங்கே முக்கியம். இப்னு ருஷ்து சொன்னதும் இதுதான்.

சமயங்களும் ஊர்ச்சபைகளும் காரணங்கள் தீர்ந்துபோகும் இடத்தில் சீட்டை நம்பியிருக்கின்றன. இயேசுவின் சீடர்கள், தங்களில் ஒருவராக இருந்த யூதாஸின் இடத்தை நிரப்ப, யோவானின் ஞானஸ்நானக் காலம் முதல் இயேசுவோடு கூடவே இருந்தவராக இருக்க வேண்டும் என்று முதலில் தகுதியை வகுத்தார்கள். இருவர் தேறினார்கள், அதன்பின் சீட்டுப் போட்டார்கள், மத்தியாஸ் பெயர் விழுந்தது என்கிறது பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டிலும் முறை இதுவே. வயது, நிலம், கல்வி என்று தகுதிகளை விரிவாகச் சொல்லிவிட்டு, தேறியவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். காரணங்கள் முடியும் வரை காரணங்களால் வடிகட்டினார்கள். முடிந்த இடத்தில் கூசாமல் குடத்தை நம்பினார்கள்.

கம்ப்யூட்டரைப் புதுப்பிக்க நினைக்கும் வாசகர் அந்த வரிசையையே பின்பற்றலாம். உங்கள் திரையின் அளவு, கையில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு, உண்மையில் ஆடும் மூன்று நான்கு கேம்கள், ஏற்கெனவே உள்ள மதர்போர்டு, அறையின் சூடு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலானோருக்கு அந்தத் தாளே விடையைச் சொல்லிவிடும். அதன் பிறகும் இரண்டு சில்லுகள் சமமாக மிஞ்சினால், அன்றைக்குக் கடையில் எது இருக்கிறதோ அதை வாங்கி வந்து, அன்றிரவே ஆடத் தொடங்குங்கள்.