ஒரு சிட்டிகைப் பிரசாதம்

ஞாயிற்றுக்கிழமை மாலைச் சத்சங்கம் முடிந்து, அன்பர்கள் பிரசாதம் பெற்றுக்கொண்டு கலைந்து கொண்டிருந்தனர். தில்லி கரோல் பாகில் பல ஆண்டுகளாக வசித்துவரும் தமிழ் அன்னை ஒருவர் தயங்கியபடியே அருகில் வந்தார். அவர் கையிலிருந்த தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் தொடப்படாமலே இருந்தது.

"ஐயா, எட்டு மாதங்களுக்கு முன்பு உடல் எடையைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். சர்க்கரை நோய் கட்டுக்குள் வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பார்ப்பவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத துக்கம் ஒன்று என்னை வாட்டுகிறது. மனம் சோர்ந்தால் நான் சாப்பிடுவேன். அதுதான் எனக்கு இருந்த துணை. இப்போது அந்தத் துணை போய்விட்டது. நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்தது போல் இருக்கிறது. சாப்பாட்டுக்காக ஒருத்தி அழலாமா? இத்தனை காலம் சத்சங்கத்துக்கு வந்தும் என் பக்குவம் இவ்வளவுதானா?"

கேட்டு முடிப்பதற்குள் அவருடைய கண்கள் கலங்கிவிட்டன.

அந்த அன்னையின் கேள்வி இன்று பலருடைய கேள்வி. 2011-இல் நிதின் கட்கரியும் 2014-இல் அருண் ஜெட்லியும் இத்தகைய சிகிச்சையைச் செய்துகொண்டபோது நாளிதழ்கள் அதனை வியப்புடன் எழுதின. இன்று நடுத்தரக் குடும்பங்களிலும் இது நடக்கிறது. உடலுக்குக் கிடைக்கும் நன்மையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். உள்ளத்துக்கு நேரும் இழப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆகவே அக்கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

கத்தி தொடாத இடம்

இந்தச் சிகிச்சையில் பொதுவாக இரண்டு முறைகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்றில் இரைப்பையின் ஏறத்தாழ 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி நீக்கப்படுகிறது. எஞ்சியிருப்பது குழாய் போன்ற குறுகிய பை. மற்றொன்றில் இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லி லிட்டர் மட்டுமே கொள்ளும் சிறு பை அமைக்கப்பட்டு, அது நேராகச் சிறுகுடலுடன் இணைக்கப்படுகிறது. முதல் சில வாரங்கள் நீராகாரம். பிறகு மசித்த உணவு. அதன்பின் மெல்ல மெல்லத் திட உணவு. எதையும் நன்றாக மென்று, சிறிது சிறிதாகத்தான் உண்ண முடியும். மீறினால் குமட்டலும் வாந்தியும் வரும். இரண்டாவது முறையில் சிகிச்சை பெற்றவர்கள் இனிப்பை அதிகமாக உண்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுவலி ஆகியவை தோன்றக்கூடும்.

பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோனின் பெரும்பகுதி உற்பத்தியாவது இரைப்பையில்தான். அந்தப் பகுதியே நீக்கப்படுவதால் தொடக்க மாதங்களில் பலருக்குப் பசி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இங்குதான் ஒரு விந்தையைக் காண்கிறோம். வயிறு கேட்கவில்லை, ஆனால் மனம் கேட்கிறது. சொன்னபடி கேளாத வயிற்றோடு வாழ்வது அரிது என்று ஔவைப் பாட்டி குறைபட்டுக்கொண்டார். அவர் இன்று இந்த அன்னையைக் கண்டிருந்தால், வயிற்றை விட்டுவிட்டு மனத்தோடு அல்லவா வழக்காடியிருப்பார்!

நாம் 'பசி' என்று ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் மூன்று. வயிற்றின் தேவை ஒன்று. நாவின் சுவை நாட்டம் மற்றொன்று. மூன்றாவது, நெஞ்சின் வெறுமை. அறுவை சிகிச்சை முதலாவதைக் குறைக்கிறது, இரண்டாவதைக் கட்டுப்படுத்துகிறது, மூன்றாவதைத் தொடுவதே இல்லை. அந்த அன்னை இழந்தது உணவை அன்று. நெஞ்சின் வெறுமையை மூடி வைத்திருந்த மூடியை. மூடி அகன்றதும் உள்ளே இருப்பது தெரிகிறது. அதைக் கண்டு அவர் அஞ்சுகிறார்.

அழுவது குற்றமா?

சாப்பாட்டுக்காக அழுவது கேவலம் என்று அவர் நினைத்தார். அப்படி நினைக்க வேண்டியதில்லை. பிறந்த குழந்தை முதன்முதலில் பெறும் அன்பு, உணவின் வடிவில்தான் வருகிறது. தாய் ஊட்டிய பிடி சோறும், பண்டிகைப் பலகாரமும், இரவில் நேரம் கழித்து வந்த மகனுக்காக மூடி வைக்கப்பட்ட தட்டும் நம் மண்ணில் அன்பின் மொழி. ஊரை விட்டு ஆயிரம் காதம் கடந்து வந்து, மொழி தெரியாத தெருவில் குடித்தனம் தொடங்கிய பெண்ணுக்குப் பிறந்த வீட்டை நினைவூட்டியது எது? அடுப்பில் கொதித்த வற்றல் குழம்பின் மணம்தான். பிள்ளைகள் வளர்ந்து வேற்றூர் சென்றபின், நள்ளிரவில் அடுக்களை விளக்கைப் போட்டுக்கொண்டு தனியே நின்று எதையாவது வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் எப்படி ஏற்படுகிறது என்பதும் இப்போது விளங்கும். அவர் தேடியது தின்பண்டத்தை அன்று; தம்மைத் தேடும் ஒருவரை.

ஆகவே அவருடைய துக்கம் உண்மையானது. உண்மையான துக்கத்தை வெட்கத்தால் மூடினால் அது புண்ணைக் கட்டிவைத்தது போலாகும். உள்ளே சீழ் வைக்கும்.

உபநிடதமும் உணவை இகழவில்லை. தைத்திரீய உபநிடதத்தில் பிருகு தம் தந்தை வருணரிடம் பிரம்மத்தைப் பற்றிக் கேட்கிறார். தவம் செய்து அறிந்துகொள்ளுமாறு தந்தை அனுப்புகிறார். பிருகு முதலில் கண்டறிவது அன்னமே பிரம்மம் என்பதைத்தான். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. மீண்டும் தவம் செய்து பிராணன், மனம், விஞ்ஞானம் என்று படிப்படியாக ஏறி, முடிவில் ஆனந்தத்தை அடைகிறார். ஆனந்தத்தை அடைந்தபிறகும் அன்னத்தை இகழலாகாது என்ற விரதமே அங்கு விதிக்கப்படுகிறது. ஏணியின் முதற்படி தாழ்ந்தது அன்று. அதிலேயே நின்றுவிடுவதுதான் குறை. உணவில் ஆறுதல் தேடியதற்காக அந்த அன்னை வெட்கப்பட வேண்டாம். அவர் முதற்படியில் நெடுங்காலம் நின்றுவிட்டார், அவ்வளவே.

தாமே ஏற்ற விரதமும், வந்து சேர்ந்த கட்டுப்பாடும்

கரோல் பாகுக்கும் இந்தக் கேள்விக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஹக்கீம் அஜ்மல் கானின் முயற்சியால் அங்கு எழுந்த திப்பியா கல்லூரியை 1921 பிப்ரவரி 13 அன்று திறந்து வைத்தவர் காந்தியடிகள். ஆயுர்வேதமும் யுனானியும் ஒருங்கே கற்பிக்கப்படும் இடம் அது. காந்தியடிகள் 1930-இல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமவாசிகளுக்கு எழுதிய கடிதங்களில் ஒன்று நாவடக்கத்தைப் பற்றியது; பேச்சில் அன்று, சுவையில் நாவை அடக்குவது பற்றியது. உணவை மருந்தைப் போல் அளவோடு, உடலின் தேவைக்காகக் கொள்ள வேண்டும் என்பது அவருடைய கருத்து.

இன்று அந்த அன்னையும் உணவை மருந்தைப் போல்தான் அளந்து உண்கிறார். இத்தனை கிராம் புரதம், இத்தனை கரண்டி கஞ்சி, வைட்டமின் மாத்திரை, இரும்புச்சத்து என்று நாள் கழிகிறது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் காந்தியடிகள் மேற்கொண்டது தாமே விரும்பி ஏற்ற விரதம். இவருடையது சிகிச்சையோடு வந்து சேர்ந்த கட்டுப்பாடு. கத்தியால் வந்த துறவு துறவாகுமா?

ஆகாது என்பதே நேர்மையான விடை. பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் நிலைபெற்ற அறிவுடையவனின் இலக்கணம் கூறப்படும் இடத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. புலன்களைப் பட்டினி போடுவதால் பொருள்கள் விலகலாம். சுவை நாட்டம் உள்ளேயே தங்கிவிடும். அதனினும் உயர்ந்த ஒன்றைக் காணும்போதுதான் அந்த நாட்டமும் கரையும் என்பது அதன் கருத்து. இதைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. உள்ளே சுவை நாட்டம் இருப்பது அந்த அன்னையின் தனிப்பட்ட தோல்வி அன்று, மனித இயல்பு என்றல்லவா இது சொல்கிறது!

மேலும், வாழ்வில் நாம் கைவிடுபவற்றுள் நாமே விரும்பிக் கைவிடுபவை எத்தனை? முதுமை பல்லைப் பறிக்கிறது. நோய் நடையைப் பறிக்கிறது. காலம் உற்றாரைப் பறிக்கிறது. பறிக்கப்பட்டது துறவு ஆகாது. ஆனால் பறிக்கப்பட்டபின் அந்த வெற்றிடத்தில் நாம் எதை வைக்கிறோம் என்பது முற்றிலும் நம் கையில் உள்ளது. சாதனை அங்கேதான் தொடங்குகிறது.

வெற்றிடத்தில் எதை வைப்பது?

வெற்றிடத்தைக் கவனியாமல் விட்டால் அதில் வேறொன்று வந்து குடியேறும். 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இச்சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 2000 பேரைத் தொடர்ந்து கவனித்தது. இரண்டாம் ஆண்டில் மதுவால் வரும் சிக்கல்கள் அவர்களிடையே கூடியிருந்தன. குறிப்பாக, குடலோடு இணைக்கும் முறையில் சிகிச்சை பெற்றவர்களிடம். அம்முறைக்குப் பின் மது வெகு விரைவாக இரத்தத்தில் கலந்துவிடுவது இதற்கு ஒரு காரணம். மதுவைத் தொடாதவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஓயாமல் பொருள் வாங்குவதும், நள்ளிரவு வரை தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பதும் அதே வெறுமைக்குப் போடப்படும் வேறு மூடிகளே.

எனவே மனம் உணவைத் தேடும்போது அதனோடு சண்டையிடாமல், அதட்டாமல், ஒரு கேள்வி கேட்கலாம்: 'இப்போது உனக்கு உண்மையில் என்ன வேண்டும்?' களைப்பு என்றால் ஓய்வு கொடுக்கலாம். கோபம் என்றால் அதற்குரியவரிடம் பொறுமையாகப் பேசலாம். தனிமை என்றால் ஒருவரைத் தேடிச் செல்லலாம். கவலை என்றால் பத்து நிமிடம் ஜபம் செய்யலாம். ஜபத்தை நாவை அடக்கும் தண்டனையாகச் செய்யலாகாது. அழுகிற குழந்தையை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளும் பரிவோடு செய்ய வேண்டும்.

துக்கம் பல வாரங்கள் நீடித்தாலோ, உறக்கம் கெட்டாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தாலோ, அதை ஆன்மிகக் குறைபாடு என்று எண்ணி மறைக்கலாகாது. சிகிச்சை அளித்த மருத்துவரிடமும் மனநல ஆலோசகரிடமும் தயங்காமல் சொல்ல வேண்டும். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உதவி கேட்பது பக்திக்குக் குறைவு அன்று. வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. 'இன்னும் ஒரு வாய் சாப்பிடு' என்று வற்புறுத்துவதும், 'இவ்வளவு செலவழித்தும் ஆசை போகவில்லையா' என்று குத்திக் காட்டுவதும் ஒருசேரத் தவிர்க்க வேண்டியவை. அவர் தட்டில் இருப்பதை எண்ணாமல், அவர் பக்கத்தில் அமர்ந்து பேசிக்கொண்டே உண்பது பேருதவி.

பல வாய்களால் உண்பவர்

உணவை இழந்த ஒரு மகானின் நிகழ்ச்சி இங்கு நினைவுக்கு வருகிறது. பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் உணவை வெறுத்தவர் அல்லர். ஜிலேபி அவருக்கு மிகவும் பிடிக்கும். வயிறு நிறைந்திருந்தாலும், வைசிராயின் வண்டிக்குக் கூட்டம் வழிவிடுவது போல, ஜிலேபிக்கு வயிற்றில் இடம் கிடைத்துவிடும் என்று வேடிக்கையாகச் சொன்னவர். அவருக்கே தொண்டையில் புற்றுநோய் வந்தது. காசிப்பூர் தோட்ட வீட்டில் இறுதி மாதங்களில் கஞ்சியை விழுங்குவதும் பெரும்பாடாயிற்று. சீடர்களால் அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தங்களுக்காகவாவது அன்னையிடம் வேண்டிக்கொள்ளுமாறு நரேந்திரர் மன்றாடினார். குருதேவரும் சிறிதளவாவது உண்ண அருளுமாறு தேவியிடம் கேட்டார். தேவி சீடர்கள் அனைவரையும் சுட்டிக்காட்டி, இத்தனை வாய்களால் நீ உண்கிறாயே என்று உணர்த்தினாளாம். அதற்குமேல் ஒரு சொல்லும் கேட்க நாணி அவர் மௌனமானார்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லி, 'நீங்களும் அப்படி இருங்கள்' என்று யாரையும் நிர்ப்பந்திக்க முடியாது. அது மகான்களின் நிலை. எனினும் அது காட்டும் திசையில் நாம் ஓரடி எடுத்து வைக்கலாம். உண்பதில் கிடைத்த ஆறுதலின் ஒரு பகுதி, ஊட்டுவதிலும் உண்டு. அந்த அன்னை நாற்பது ஆண்டுகளாக அடுப்படியில் நின்றவர். அவருடைய கைமணம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் வீட்டாருக்குச் சமைத்துப் போட்டுத் தாம் ஏக்கத்தோடு வேடிக்கை பார்ப்பது வேறு. பசித்தவர் ஒருவருக்குப் பரிமாறி, அவர் முகம் மலர்வதைக் கண்டு அமர்வது வேறு. முன்னது காயத்தைக் கிளறலாம், பின்னது ஆற்றலாம். சமையலறைப் பக்கம் போவதே தொடக்கத்தில் துன்பம் தருமானால், சில மாதங்கள் விலகியிருந்து, வேறு சேவையை ஏற்பதிலும் தவறில்லை.

கரோல் பாகின் ஆரிய சமாஜ் சாலையில் ராமகிருஷ்ண மிஷன் நெடுங்காலமாகக் காசநோயாளிகளுக்கு இலவச மருத்துவம் செய்துவந்திருக்கிறது. அந்நோயாளிகளுக்கு மருந்தோடு நல்ல உணவும் வேண்டும். நடந்து போகும் தொலைவில் அஜ்மல் கான் சாலை. அங்கு குல்பியும் சோலே பட்டூராவும் தேடிவரும் கூட்டம். உணவு போதாமல் வாடும் உடலும், உணவு மிகுந்து நோயுற்ற உடலும் ஒரே வட்டாரத்தில் வாழ்கின்றன. ஒருவர் தட்டில் குறைந்தது மற்றொருவர் தட்டைச் சென்றடையுமானால், அக்குறைவுக்கும் பொருள் உண்டாகிறது.

தொன்னையில் இருந்த பொங்கல்

அந்த அன்னையின் கேள்விக்கு அன்று மாலை இத்தனையும் சொல்ல நேரம் இருக்கவில்லை. அவர் கையிலிருந்த தொன்னையைக் காட்டி, "அம்மா, பிரசாதத்துக்கு அளவு உண்டா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் சற்று யோசித்தார். "கிடையாது" என்றார்.

"உங்கள் மருத்துவர் அனுமதிக்கும் ஒரு சிட்டிகை போதும். அதுவும் முடியாத நாளில் கண்களில் ஒற்றிக்கொண்டாலும் அது முழுப் பிரசாதமே. மீதியை யாருக்குக் கொடுக்கலாம் என்று பாருங்கள்."

அவர் ஒரு பருக்கையை நாவில் வைத்துக்கொண்டு நெடுநேரம் சுவைத்தார். முன்பெல்லாம் தொன்னை காலியாவது தெரியாமலே உண்டதாகவும், இந்த நெய்மணத்தை இன்றுதான் கவனித்ததாகவும் சொன்னார். பிறகு வாயிலில் காலணிகளைக் காத்துக்கொண்டிருந்த சிறுவனிடம் சென்று மீதியை நீட்டினார். அவன் இரண்டே வாயில் அதை முடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்பது போல் நிமிர்ந்து பார்த்தான்.

அந்த அன்னை சிரித்தார். துக்கம் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதற்கு நாள் ஆகும். அடுத்த ஞாயிறு அவர் சற்று முன்னதாகவே வந்து, பிரசாதம் வழங்குபவரின் பக்கத்தில் கரண்டியுடன் நின்றார்.

இழந்த ஒன்றுக்காக ஏங்கும் நம் நெஞ்சை வெறுக்காமல், அதன் கையைப் பற்றி உயர்ந்த இடத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுமையைத் தேவி நம் அனைவருக்கும் அருள்வாளாக!