தட்டுப்பாட்டுக் காலத்துப் பழைய சாமான்

வியாபாரச் சகோதரர்களே! கிராக்கி நேரத்தில் பழைய சாமான் ஒன்றை, வாங்கிய விலைக்கு மேல் விற்பது ஆகுமா, ஆகாதா? சில வருடங்களாக இக்கேள்வி நம்மை விட்டபாடில்லை.

2020 ஏப்ரல் 7-ஆம் தேதி சிங்கப்பூரில் கொரோனா நோயை முறியடிக்கும் கட்டுப்பாடு தொடங்கிற்று. தேகப்பயிற்சிக் கூடங்கள் சாத்தப்பட்டன. வீட்டிலிருந்தோரெல்லாம் சைக்கிளும் டம்பெல்லும் தேடினார்கள். அவற்றில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது. அங்கேயோ அவ்வருடத் தொடக்கத்தில் தொழிற்சாலைகள் முடங்கியிருந்தன. ஆகவே மூலையில் துருவேறிக் கிடந்த சாமானுக்கெல்லாம் யோகம் அடித்தது.

நம்மிடமும் ஒரு சைக்கிள் இருந்தது. 180 வெள்ளிக்கு வாங்கி இரண்டு வருடம் ஓட்டியது. 2020 ஜூலையில் அதை 250 வெள்ளிக்கு விற்றோம். வாங்கியவர் வேலை இழந்து, வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு கொடுக்கும் தொழிலில் இறங்கிய வாலிபர். பின்சக்கரத்தின் பேரிங் தேய்ந்திருந்தது நமக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, நாம் சொல்லவில்லை.

பத்து நாளில் திரும்பி வந்தார். சண்டைக்கு வரவில்லை. "பழுது பார்க்கிறவர் யாராச்சும் தெரியுமா, பாய்?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நமது குற்றம் எது? 250 வெள்ளியா, மௌனமா?

மதரஸாவில் ஓதியதை நினைத்துப் பார்த்தோம். மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையைக் கட்டித் தரும்படி மக்கள் வேண்டினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் இணங்கவில்லை. ஆகவே விலை ஏறுவதே அநியாயமென்று சொல்வதற்கில்லை. ஆனால் அதே நாயகம் (ஸல்) அவர்கள், கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டபோது, நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வியாபாரியைக் கேட்டார்கள். பழைய சாமான் ஒவ்வொன்றும் அத்தகைய குவியலே. ஈரம் எங்கே என்பது விற்பவனுக்கு மட்டுமே தெரியும். மறைத்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டென்று நமது சட்ட நூல்கள் சொல்வதும் இதனாலேயே.

'இருவரும் சம்மதித்த விலைதானே' என்று சிலர் கேட்கலாம். சரக்கு மலிந்த காலத்தில் அது முழுச் சம்மதம். பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவார். அடுத்த கடையே இல்லாத காலத்தில், வாங்குபவருக்கு நமது நாவைத் தவிர வேறு காவல் ஏது? தட்டுப்பாடு விலையை ஏற்ற இடம் தரலாம். வாயை மூடிக்கொள்ள இடம் தராது. உண்மை சொல்லும் கடமை அப்போதுதான் இரட்டிப்பாகிறது.

உபயோகித்த பொருளை ஒருவர் விற்பது வேறு. பத்துப் பேரிடம் வாங்கிப் பூட்டி வைத்து, தட்டுப்பாட்டைத் தானே பெருக்கி விற்பது வேறு. ஷாஃபி மத்ஹபின் கிதாபுகள் பதுக்கல் தடையை உணவுப் பொருளுக்கே சொல்கின்றன என்பது மெய்தான். ஆயினும் பிறர் முடையைத் தானே வளர்த்து அறுவடை செய்வதை நமது மனம் ஒப்பவில்லை.

பழுதுக்கான செலவை அவரிடமே கொடுத்தோம். அன்று முதல் எந்தப் பழைய பொருளை விற்றாலும், அதன் குறைகளைத் துண்டுக் காகிதத்தில் எழிக் கொடுக்கிறோம். சிலர் வாசித்துவிட்டு விலையைக் குறைக்கிறார்கள். குறைக்கட்டும்.

2022-க்குப் பின் உலகெங்கும் சைக்கிள்கள் விற்காமல் தேங்கின, விலையும் சரிந்தது. தட்டுப்பாடு வரும், போகும். அப்போது நாம் நடந்துகொண்ட விதம் மட்டும் கணக்கில் நிற்கும். அல்லாஹ் நமது சம்பாத்தியத்தில் பரக்கத்து அருள்வானாக.