ஒரு சதுரத்துக்குள் எத்தனை வரிகள்?

கைரேகையைப் பார்த்து அது ஆணுடையதா பெண்ணுடையதா என்று சொல்ல முடியுமா? ஓரளவுக்கு முடியும் என்கிறது தடயவியல். பெண்களின் விரல் வரிகள் சராசரியாகச் சற்று மெல்லியவை, நெருக்கமானவை. 1999இல் மார்க் ஏக்ரீ என்ற ஆய்வாளர் 400 பேரின் ரேகைகளை எடுத்து, 25 சதுர மில்லிமீட்டருக்குள் எத்தனை வரிகள் என்று எண்ணினார். 12 அல்லது அதற்கு மேல் என்றால் பெண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 11 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஆணாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார்.

ஒற்றை வரிதான் வித்தியாசம். உடல் பெரிதானால் விரலும் பெரிது, வரிகளும் அகலம். பெரிய கை கொண்ட பெண்ணும் சிறிய கை கொண்ட ஆணும் இந்தக் கணக்கில் இடம் மாறி விழுவார்கள். சிறுவர்களின் வரிகளும் நெருக்கமானவையே.

ஆனாலும் இந்தக் கணக்கு பயனற்றதல்ல. அமெரிக்காவில், நியூ மெக்சிகோவின் சாக்கோ பண்பாட்டுப் பகுதியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பானையோடுகள் கிடைத்தன. களிமண் திரிகளைச் சுற்றி அடுக்கி, விரலால் அழுத்தி இணைத்த பானைகள் அவை. அழுத்திய விரல்களின் வரிகள் இன்னும் இருக்கின்றன. பிற்காலப் பியூப்ளோ மக்களிடம் பானை வனைதல் பெண்களின் வேலை. ஆகவே அன்றும் அப்படித்தான் இருந்திருக்கும் என்றே நெடுநாள் கருதப்பட்டது. 2019இல் ஜான் கான்ட்னர் குழுவினர் வரிகளின் அகலத்தை அளந்து வெளியிட்ட ஆய்வு, ஆண்களும் பெண்களும் வனைந்திருக்கிறார்கள் என்றது. ‘இது என்றைக்குமே பெண்களின் வேலை’ என்ற பழைய பேச்சை விரல் தடங்களே மறுத்தன.

அங்கே கேள்வி ஒரு சமூகத்தைப் பற்றியது. நூற்றுக்கணக்கான ஓடுகள் சேர்ந்து பதில் சொல்கின்றன. சராசரி பேசத் தகுந்த இடம் அது. அதே அளவுகோலை உயிரோடு நிற்கும் ஒருவர்மீது வைத்து ‘நீ இதுதான்’ என்று சொல்லும்போது கேள்வியே மாறிவிடுகிறது. விரல் வரிகள் கருவறையிலேயே உருவாகி, ஆறாம் மாதத்துக்குள் நிலைத்துவிடுபவை. நமக்குப் பெயர் வைக்கும் முன்பே முடிந்துபோன ஒன்று, ஒரு திருநங்கையின் வாழ்க்கையைப் பற்றி என்ன சாட்சி சொல்ல முடியும்? பாலின அடையாளத்தைத் தீர்மானிக்கும் உரிமை அவரவருடையது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ‘நால்சா’ வழக்கில் தீர்ப்பளித்தது. அறுவைச் சிகிச்சையை அதற்கு நிபந்தனையாக்கக் கூடாது என்றும் சொன்னது. உடலைச் சோதித்து அறிய வேண்டியதல்ல அது என்பதே இதன் பொருள்.

விரலில் பாலினம் படிவதே இல்லையா? படிகிறது, வேறு வழியில். ரேஷன் கடைக் கருவியில் விரல் பதியாமல், முந்தானையில் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறோம். செங்கல் சுமக்கும் ஆணின் ரேகையும் தேயும்தான். ஆனால் அவருக்கு அதற்குக் கூலி உண்டு. சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணின் ரேகை, கூலி வாங்கிய பிறகும் வீட்டில் பாத்திரத்திலும் துணியிலும் தேய்கிறது. அந்தத் தேய்மானத்துக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. ஒரு சதுரத்துக்குள் எத்தனை வரிகள் என்று எண்ணுகிறவர்கள், எத்தனை அழிந்தன, எந்த வேலையில் அழிந்தன என்பதையும் எண்ண வேண்டும்.