பதினேழு கிலோ கொழுந்து

இலங்கையில், ஹட்டனுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். லயத்து இஸ்தோப்பில் குருவும் சீடனும். தரையில் ஒரு குவியல் தேயிலை விதை, பழைய விதைத் தேயிலை மலையில் பொறுக்கியது.

சீடன்: 17 கெட்ட எண், சேர்.

குரு: எண்ணில் கெட்டது ஏது, தம்பி?

சீடன்: இன்றைக்கு மடுவத்தில் அம்மாவின் கொழுந்து 19 கிலோ. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று 2 கழித்தார்கள். 17 ஆகிவிட்டது. 18 இருந்தால்தான் முழுப் பேர், ஒரு நாள் சம்பளம். அரைப் பேர்தான் போட்டார்கள்.

குரு: (சிறிது நேரம் பேசவில்லை.) அது அநியாயம். ஆனால் பழியை 17-இன் தலையில் போடாதே. விதையில் 18 எண்ணி எடு. தவறணையில் கன்று அடுக்குவதைப் போல் சமமான நிரைகளாக வை.

சீடன்: இரண்டு நிரை, ஒன்பது ஒன்பதாக. மூன்று நிரையென்றால் ஆறு ஆறாக.

குரு: ஒரு விதையை எடுத்துவிடு.

சீடன்: இரண்டு நிரைக்கு ஒன்று மிஞ்சுகிறது. மூன்றுக்கு இரண்டு. நான்குக்கு ஒன்று. இப்படி 16 வரைக்கும் பார்க்க வேண்டுமா, சேர்?

குரு: வேண்டாம். 17 இரண்டு எண்களின் பெருக்கமாக இருந்தால் அவற்றில் ஒன்றாவது 5-ஐவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இரண்டுமே 5-ஐ எட்டினால் 25 ஆகிவிடுமே. 4 வரை பார்த்தாய், போதும். 91-இல்தான் பிள்ளைகள் ஏமாறுவார்கள். 2, 3, 5 மூன்றாலும் வகுபடாது. 7-ஐ மறந்துவிட்டு, சம நிரைகளாகப் பிரியாத முதன்மை எண் என்று எழுதிவிடுவார்கள்.

சீடன்: 7 பதின்மூன்று 91. அது சேர்த்தி எண்.

குரு: ஆம். 17 முதன்மை எண். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பகா எண் என்பார்கள். நல்ல சொல். இப்போது சொல், 18 கிலோவுக்கு ஒரு பேர் என்று வைத்தது யார்?

சீடன்: நிர்வாகம்.

குரு: 17 விதையைச் சம நிரைகளாக்க முடியாது என்று வைத்தது?

சீடன்: அப்படி யாரும் வைக்கவில்லையே.

குரு: துரை நினைத்தாலும் அதை மாற்ற முடியாது. 18 கிலோவை 16 ஆக்கலாம், 20 ஆக்கலாம். அது பேசித் தீர்க்கிற காரியம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால், மனிதர் போட்ட கணக்கையும் மழை, பனி மாதிரி சகித்துக்கொண்டு இருந்துவிடுவோம். பல தலைமுறையாக நம் சனங்கள் அப்படித்தான் இருந்தார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

சீடன்: அப்போ 1? அது முதன்மை எண் இல்லை என்று புத்தகத்தில் இருக்கிறது. அதுவும் மனிதர் வைத்ததா?

குரு: ஆமாம், வைத்ததுதான். 1914-இல் அமெரிக்கக் கணித அறிஞர் லேமர் ஒரு கோடியைத் தாண்டிப் போகும் முதன்மை எண் அட்டவணையை வெளியிட்டார். அது 1-இல்தான் தொடங்குகிறது. பின்னால் 1-ஐ விட்டுவிட்டார்கள். ஏன் தெரியுமா? 18-ஐ முதன்மை எண்களின் பெருக்கமாக எழுது.

சீடன்: 2 × 3 × 3.

குரு: வேறு விதமாக?

சீடன்: 3 × 2 × 3... இடம்தான் மாறுகிறது. அதே எண்கள்.

குரு: எந்தச் சேர்த்தி எண்ணை எடுத்தாலும் இப்படித்தான். அதற்குரிய முதன்மைக் காரணிகள் ஒரே ஒரு தொகுதிதான், மாறாது. 1801-இல் ஜெர்மனியின் கவுஸ் இதைத் தெளிவாக நிறுவினார். எண்கணிதத்தின் அத்திவாரமே இதுதான். 1-ஐ உள்ளே விட்டால்?

சீடன்: 1 × 2 × 3 × 3, 1 × 1 × 2 × 3 × 3... முடிவே இராது.

குரு: அதனால் வெளியே நிறுத்தினார்கள். மனிதர் வைத்த விதிதான், ஆனால் ஏன் என்று கேட்டால் பத்து வயதுப் பிள்ளைக்கும் காரணம் காட்ட முடிகிறது. சாக்குக்கும் ஈரத்துக்கும் 2 கிலோ என்றார்களே, சாக்கு எத்தனை கிலோ?

சீடன்: தெரியாது, சேர். தனியாக நிறுத்துக் காட்டியதே இல்லை.

குரு: நாளைக்கு மடுவத்தில் கொழுந்து நிறுக்க முன்பு, வெறும் சாக்கைத் தராசில் போடச் சொல்லிக் கேட்கும்படி அம்மாவிடம் சொல்.