கொசுறுக் குருவி



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் குருவி விலை பேசுகிறார். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்காவிலோ இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி நான்குதானே வரவேண்டும்? ஐந்தாவது கொசுறு. காய்கறிக்காரர் கடைசியில் பைக்குள் போட்டுவிடும் கறிவேப்பிலை மாதிரி, விலையே இல்லாத குருவி. அந்தக் குருவியையும் தந்தை மறப்பதில்லை என்கிறார் ஆண்டவர்.

நம் பெங்களூரிலும் அப்படி ஒரு கொசுறு உண்டு: தேவாங்கு. டாடா இன்ஸ்டிடியூட் என்று நாம் சொல்கிறோமே, அந்த இந்திய அறிவியல் கழக வளாகத்து மரங்களில் இரவு முழுக்கப் பூச்சி தேடித் திரிகிறது. ஒரு சாண் உடம்பு, கால் கிலோ எடை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலியைச் சேர்த்திருக்கும் முதல் அட்டவணையிலேயே இதையும் சேர்த்திருக்கிறது. நாமோ சூனியத்துக்கு என்றும் கண் மருந்துக்கு என்றும் அதைப் பிடித்தோம். மெலிந்த பிள்ளையைக் கண்டால், "தேவாங்கு மாதிரி இருக்கானே" என்கிறோம். கன்னடத்தில் அதற்குப் பெயர் 'காடு பாப்பா'. காட்டுக் குழந்தை! அதை முதலில் கேட்ட அன்று எனக்கு வெட்கமாகிப் போனது.

போன மாதம் மறைக்கல்விப் பிள்ளைகளிடம் தேவாங்கின் புகைப்படத்தைக் கொடுத்து வரையச் சொன்னோம். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி குரங்கு என்று நினைத்து நீளமாக ஒரு வால் போட்டுவிட்டாள். பிறகு படத்தை உற்றுப் பார்த்தாள். "ஃபாதர், இதுக்கு வாலே இல்லையே!" ரப்பரை எடுத்து அழித்தாள், தாள் தேய்ந்து மெலியும்வரை. அதன்பின் ஒவ்வொன்றாக அவள் கண்ணில் பட்டது: கண்ணைச் சுற்றிய பழுப்பு வளையம், இரு கண்ணுக்கும் நடுவே இறங்கும் வெள்ளைக் கோடு, பென்சில் போன்ற கைகால். அரை மணி நேரம் அவள் தலை நிமிரவில்லை. அதுவும் செபம்தான் என்று நான் மனதார நம்புகிறேன்.

அப்படிப் பார்த்து வரைந்த இன்னொருவர் உண்டு. நாவலாசிரியர் மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் காட்டுயிர் பற்றித் தொடர்ந்து எழுதினார். கூடவே தன் கையாலேயே படமும் வரைந்தார். புலி, யானையோடு நின்றுவிடவில்லை. வீட்டுப் பக்கம் வரும் அணிலுக்கும் பல்லிக்கும் அதே மையைச் செலவிட்டார். வரைகிறவர் பார்த்தே ஆகவேண்டும். பார்த்துப் பழகிய உயிர்மேல் கோடரி சட்டென்று விழாது.

நம்மால் அழிந்துபோகும் உயிரினங்கள் இனித் தம் வாழ்வால் இறைவனைப் புகழ முடியாதே என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் திருமடலில் வருந்தினார். தமிழ்நாடு அரசு 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. மனம் குளிரவைத்த செய்தி. ஆனால் இங்கே நம் தெருவில்? தேவாங்குக்குத் தாவத் தெரியாது. கிளை கிளையைத் தொட்டால்தான் அடுத்த மரத்துக்குப் போகும். தொடர்பு அறுந்தால் தரையில் இறங்கும், அங்கே நாய். அல்லது கம்பியைப் பற்றும், அதில் மின்சாரம். வெளிச்சம் மறைக்கிறது, சருகு விழுகிறது என்று ஆளை அழைத்துக் கிளையை வெட்டச் சொல்லுமுன், சாயங்காலம் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

பிள்ளைகளின் படங்களைக் கோயில் முகப்பில் கயிறு கட்டி மாட்டியிருக்கிறோம். மனம்போல் காணிக்கை போட்டு எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் நம் பங்கில் மரம் இல்லாத இடைவெளிகளில் கன்று நடுவோம். இடமிருந்து மூன்றாவது படம் அந்தச் சிறுமியுடையது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வாலை அழித்த தடம் இன்னும் தெரியும்.