வதந்தியின் பாவம் யாரைச் சாரும்?

2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி செய்யும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 150-க்கும் மேற்பட்டோர், திருவள்ளூர் மாவட்டத்து விடுதியொன்றில் உண்ட உணவு ஒவ்வாமல் மருத்துவமனை சேர்ந்ததும், அவர்களுள் சிலர் மாண்டனர் என்ற பேச்சு விடுதிக்கு விடுதி பரவியதும், பெண்கள் திரள் திரளாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டதும் நாடறிந்த செய்தி. எவரும் மாளவில்லை என்பது பின்னர் தெளிந்தது. வதந்தி பரப்புவது தவறுதான். சாலையில் சிக்கிய பிரயாணிகள் பட்ட அவஸ்தையும் பொய்யன்று. ஆயினும், அந்த வதந்தியின் பாவம் அதைச் சொன்ன வாயைக் காட்டிலும், கேட்டபோது பதில் சொல்லாதிருந்த வாயையே சாரும்.

பெற்றோரையும் ஊரையும் விட்டு வந்து, நெருக்கமான அறையில் தரையில் படுத்துறங்கும் ஒரு பெண், நேற்றுவரை பக்கத்தில் படுத்திருந்த தோழி எங்கே, எப்படி இருக்கிறாள் என்று கேட்டு, நம்பத்தக்க விடை கிட்டாதபோது, மிகக் கொடியதையே நம்புவது மனித சுபாவம். அந்தப் பயத்தைப் பேதைமை என்று பரிகசிப்பவர் அதிகாரத்தின் பக்கம் நின்று பேசுகிறார்.

காட்சிக்கு அரியவனாய்க் கடுமுகம் காட்டுவோன் பெற்ற செல்வத்தைப் பேய் கண்ட செல்வத்துக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். குடிகள் எளிதில் காண இயலாத மன்னன் பகைவரின்றியும் தானே கெடுவான் என்பதும் அவர் கருத்து. மனுநீதிச் சோழன் வாயிலில் மணி தொங்கியதைப் பாடிய சேக்கிழார், இந்த ஆலைகளுக்கு வெகு தூரமில்லாத குன்றத்தூரிலே பிறந்தவர். தீர விசாரியாமல் கோவலனைக் கொல்வித்த பாண்டியன்கூட, தலைவிரி கோலமாய் வாயிலில் நின்ற கண்ணகியை உள்ளே வரவிடச் சொன்னான் என்கிறது சிலப்பதிகாரம். கேட்டான், பிழையுணர்ந்தான், உயிர் விட்டான். நம் காலத்து அரண்மனைக்கோ வாயில் பல: ஆள் எடுப்பவர் ஓர் ஒப்பந்தக்காரர், விடுதி நடத்துபவர் வேறொருவர், ஆலைக்கு உரியவர் கடல் கடந்த தேசத்தார், எந்த வாயிலில் மணி அடிப்பது?

உழைப்பாளிக்குப் பொறுமையை உபதேசிப்போர், வள்ளுவர் ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரமே வகுத்த விடாமுயற்சி இயந்திரத்தின் முன் நிற்பதற்கு மட்டும் உரியதன்று, நியாயம் கேட்டு அமர்வதற்கும் உரியது என்பதை மறந்துவிடுகிறார்கள். அப்பெண்கள் போலீசாரால் பிடித்துச் செல்லப்பட்டும் மானத்தை விடவில்லை. அதன் பயனாகவே ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் சிலவிடத்துத் தரம் குன்றியிருந்ததை ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரி 12 அன்றுதான் ஆலை மீண்டும் திறந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியும் தமிழ் அறியாத வடபுலத்துத் தொழிலாளர் இத்தகைய வாடகை அறைகளில் நெருங்கி வாழ்கின்றனர்; அவர்களுடைய பயத்துக்கோ சொல்லி அழவும் மொழியில்லை. பெண்கள் விடுதிகளுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பை 2014-ஆம் ஆண்டின் தமிழகச் சட்டம் மாவட்ட ஆட்சியரிடம் ஒப்படைத்திருக்கிறது. நள்ளிரவில் ஒருத்தி நோயுற்றால், அவளுடைய அறைத்தோழிக்குச் சேதி சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்று எழுதி வாங்கிக்கொள்ளாமல் எந்த விடுதிக்கும் ஆட்சியர் கையொப்பம் இடலாகாது.